உடைமை வரலாறும் உண்மை வரலாறும்

ஒரு பழம்பொருளின் மதிப்பு எதில் இருக்கிறது? மரத்திலா, வண்ணத்திலா, செய்தவன் கைத்திறத்திலா? இம்மூன்றோடும் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தல் வேண்டும் என்பது என் கருத்து. அப்பொருள் யார் யார் கைகளில் இருந்தது என்னும் உடைமை வரலாறே அது. இங்கிலாந்து நாட்டு முகம் கழுவும் மேசை ஒன்று இதற்குத் தக்க சான்றாகும்.

கட்டடக் கலைஞர் வில்லியம் பர்ஜஸ் (1827-1881) ஐரோப்பிய இடைக்காலக் கலையில் தோய்ந்தவர். வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் கோட்டையைப் புதுக்கிப் புகழ்பெற்றவர். இலண்டன் பக்கிங்ஹாம் தெருவில் தாம் வாழ்ந்த அறைகளுக்கென 1860களில் அவர் இம்மேசையை வடிவமைத்தார். மரத்தின்மேல் வண்ணமும் பொற்பூச்சும், பளிங்குக் கிண்ணம், வெண்கலக் குழாய். நீரில் தன் உருவைக் கண்டு, அதன்மீதே காதல்கொண்டு மாய்ந்த நார்சிஸஸின் கதை அதில் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. முகம் கழுவக் குனிபவனுக்கு இதனினும் பொருத்தமான எச்சரிக்கை உண்டோ? பின்னர் அவர் கட்டிய 'கோபுர இல்லத்தின்' படுக்கையறைக்கு அம்மேசை சென்றது. அவ்வில்லத்திலேயே 1881இல் அவர் மறைந்தார்.

அதன்பின் சுவை மாறியது. விக்டோரியா காலக் கலை என்றாலே நகைப்புக்குரியது எனக் கருதப்பட்ட காலம் வந்தது. கலைஞன் தனக்கெனப் படைத்த பொருள் லிங்கன் நகரத்துப் பழம்பொருட்கடையை அடைந்தது. அதனைக் கண்டெடுத்தவர் கவிஞர் ஜான் பெட்ஜமன். ஏளனத்துக்கு உள்ளான அக்கலையைக் காக்க 1958இல் தோன்றிய விக்டோரியச் சங்கத்தை நிறுவியோருள் ஒருவர் அவர். அவர் மேசையை 1953இல் நாவலாசிரியர் ஈவ்லின் வா அவர்களுக்குப் பரிசளித்தார்.

இங்கேதான் நாம் ஊன்றி நோக்கத்தக்க செய்தி உள்ளது. மேசை வீடு வந்து சேர்ந்ததும், குழாயிலிருந்து கிண்ணத்திற்கு வளைந்து இறங்கும் ஓர் உறுப்பைக் காணவில்லை என்றார் நாவலாசிரியர். அதனைத் தம் கண்ணால் கண்டதாக அவர் உறுதியாக நம்பினார். அப்படி ஒன்று என்றுமே இருந்ததில்லை எனப் பெட்ஜமன் மறுமொழி எழுதினார். உறக்க மருந்துகளால் அவர் மனம் மயங்கியிருந்த காலம் அது. 1954இன் தொடக்கத்தில் இலங்கை நோக்கிக் கப்பலேறிய அவர், வழியில் இல்லாத குரல்களையும் கேட்டார். அவ்வனுபவமே 1957இல் 'கில்பர்ட் பின்ஃபோல்டின் சோதனை' என்னும் நாவலாயிற்று. மேசையும் அதில் இடம்பெற்றது.

கூர்ந்த பார்வைக்குப் பேர்பெற்ற எழுத்தாளரின் நினைவே இவ்வாறு பிழைபடுமாயின், ஏனையோர் நினைவை மட்டும் நம்பி வரலாறு எழுதுதல் தகுமா? உடைமை வரலாறு என்பது செல்வர் பெயர்களை அடுக்கி விலையை உயர்த்தும் வணிக உத்தி என்பர் சிலர். அதில் ஓரளவு உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், கைமாறிய ஆண்டும், கொடுத்தவர் பெயரும், அன்று இருந்த நிலையும் எழுத்தில் பதிவாகும்போது, அது நினைவின் மயக்கத்தைத் திருத்தும் சான்றாகிறது. புறக்கணிக்கப்பட்ட பொருளை மீட்டவர் யார் என்பதையும் அதுவே சொல்கிறது.

இன்று அம்மேசை பெட்ஃபோர்டு நகர ஹிக்கின்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒருவன் முகம் கழுவிய பொருள், இன்று ஊரார் அனைவரின் உடைமை. அதனினும் நல்ல முடிவு ஒரு பழம்பொருளுக்கு வாய்ப்பதரிது.

எனவே மாணவர்களுக்கு ஒன்று கூறுவேன். பழம்பொருள் எதனைக் கண்டாலும் அதன் விலையைக் கேட்பதற்கு முன் அது வந்த வழியைக் கேளுங்கள். கேட்டதை அன்றே எழுதி வையுங்கள். ஆண்டைக் குறிக்க மறவாதீர்கள். பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொருளைக் கொடுக்கும்போது அதன் கதையையும் சேர்த்தே கொடுங்கள். கதை இழந்த பொருள் கடைச்சரக்கு; கதையோடு நிற்கும் பொருளே வரலாறு.