வெல்லும்வரை நம் பெண்

2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த செங்கல் சூளைக் கூலிகளின் மகள். கம்பைநல்லூரில் இருந்துகொண்டு நாமும் அவரை நம் வீட்டுப் பெண் என்றோம். கூரை வீடும் கூலி வேலையும் உள்ள ஊர்க்காரர்களுக்கு அந்த வெற்றி அவ்வளவு நெருக்கமாக இருந்தது.

சில நாட்களில், பாலினப் பரிசோதனையில் அவர் தேறவில்லை என்ற செய்தி வந்தது. பதக்கம் பறிபோனது. ரகசியமாக இருக்க வேண்டிய மருத்துவ விஷயம் தொலைக்காட்சியிலும் நாளிதழிலும் தலைப்பானது. ஆணா பெண்ணா என்று கேட்டு எழுதினார்கள்; நாம் காசு கொடுத்து வாங்கிப் படித்தோம். டீக்கடையில் அதே கேள்வியைச் சிரித்தபடி திருப்பிக் கேட்டவர்களும் நாம்தான். அந்தச் சிரிப்பு பிடிக்காதவர்களும் நம்மில் இருந்தார்கள். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள், அவ்வளவுதான். பத்திரிகைக்காரர்கள் நம் வாயைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள் என்பது அப்போது நமக்கு உறைக்கவில்லை.

வென்றபோது தமிழச்சி, இந்தியாவின் மகள். சிக்கல் வந்ததும் அது அவர் உடம்பின் பிரச்சினை ஆகிவிட்டது. 2009இல் தென்னாப்பிரிக்க ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமன்யாவையும் உலகம் இப்படித்தான் நிறுத்தி வைத்துப் பார்த்தது. கறுப்பினப் பெண்ணின் தோளும் குரலும் செய்தியாயின. ஆனால் தென்னாப்பிரிக்க மக்கள் விமான நிலையத்துக்கே திரண்டு வந்து அவரை வரவேற்றார்கள். அவர் பதக்கம் அவரிடமே இருந்தது. நம் சாந்தி பிழைப்புக்காகச் செங்கல் சூளைக்கே திரும்ப நேர்ந்தது. அதுவும் ஒருநாள் செய்தியானது; உச்சுக் கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம். இந்திய ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் வழக்காடி, 2015இல் விளையாட்டு நடுவர் மன்றம் பெண் வீராங்கனைகளின் ஹார்மோன் அளவுக்கு வரம்பு வைத்த விதியை நிறுத்தி வைத்தபோதுகூட, சாந்தி எங்கே இருக்கிறார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? 2016இல்தான் அவருக்குத் தமிழக அரசில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. பறித்த பதக்கம் இன்னும் திரும்பவில்லை.

ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி நாம் பேசிய பேச்சின் விலையை நம் தெருப் பெண்பிள்ளைகள் கொடுக்கிறார்கள். நன்றாக ஓடுகிற பிள்ளையைப் பார்த்து “ஆம்பளை மாதிரி ஓடுறா” என்று நாம் சொல்வது பாராட்டு என்றே நினைத்திருந்தோம். வயதுக்கு வந்ததும் அரைக்கால் சட்டை வேண்டாம், கால் தடித்துவிடும், மாப்பிள்ளை அமையாது என்றோம். எந்தச் செய்தியாளரும் நம் வாசலுக்கு வந்து இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. படித்ததில் வசதியானதை மட்டும் நாமே வைத்துக்கொண்டோம்.

இன்னும் நேரம் இருக்கிறது. குறுவட்ட தடகளப் போட்டியில் பையன்களின் ஓட்டம் முடிந்ததும் கிளம்பிவிடுகிற நாம், பெண்களின் 800 மீட்டர் முடியும்வரை நிற்கலாம். ஓடிய பிள்ளையிடம் எத்தனை நிமிடத்தில் முடித்தாய் என்று கேட்கலாம். சாந்தியின் பெயரையும் அவளுக்குச் சொல்லலாம், வெள்ளி வென்றவர் என்று.