அளக்கப்படாத சிறுநீர்

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் வைத்தியசாலைகளைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறேன். மருந்துத் தட்டுப்பாடும் வேலைநிறுத்தமும் தலைப்புச் செய்திகளாயின. நோயாளியின் சிறுநீரைப் பற்றி ஒரு வரியேனும் எழுதியதில்லை. எழுதியிருக்க வேண்டும் என்பதை ஒரு நண்பரின் கட்டிலருகே இருந்தபோதுதான் உணர்ந்தேன்.

எழுபதைக் கடந்த அவர், இடுப்பெலும்பு முறிந்து அனுமதிக்கப்பட்டிருந்தார். நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் நெடுங்காலமாக உண்டு. சத்திரசிகிச்சைக்காக இரு நாட்கள் பட்டினி கிடந்தார். இரு நாட்களும் அது பிற்போடப்பட்டது. வலிக்கு டைக்குளோபினாக் கொடுத்தார்கள். அமுக்கக் குளிசையும் நீர்போக்கும் குளிசையும் வழமைபோலத் தொடர்ந்தன. மூன்றாம் நாள் சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்டதை இளம் தாதி ஒருவரே கவனித்தார். நண்பர் பிழைத்தார், குருதிச் சுத்திகரிப்புக்குப் பின்னரே.

இவற்றில் எதுவும் தனித்தனியே பெருந்தவறன்று. ஆனால் உடல் வற்றியிருக்கையில் சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளை அந்த வலிநிவாரணியும் சிலவகை அமுக்கக் குளிசைகளும் அடைத்துவிடுகின்றன. நீர்போக்கி மேலும் வற்றச் செய்கிறது. கிருமித்தொற்று, இருதயப் பலவீனம், ஜென்ராமைசின் போன்ற மருந்துகள் ஆகியனவும் இந்த ஆபத்தைக் கூட்டுவனவே.

வறிய நாட்டின் குறை மட்டுமே இது என எண்ணிவிட வேண்டாம். கடுமையான சிறுநீரகப் பாதிப்புடன் வைத்தியசாலைகளில் இறந்தோரைப் பற்றிப் பிரித்தானியாவில் 2009 இல் வெளியான அறிக்கை, அவர்களுள் பாதிப்பேருக்கே நல்ல பராமரிப்புக் கிடைத்ததாகக் கூறியது.

நெரிசல் மிகுந்த விடுதியில் எல்லோரையும் அளக்க முடியுமா என்று கேட்பார்கள். எல்லோரையும் வேண்டாம், ஆபத்துள்ளோரை மட்டும் அளந்தால் போதும். 2012 இன் சர்வதேச வழிகாட்டலின்படி, 60 கிலோ எடையுள்ளவருக்கு மணித்தியாலத்துக்கு 30 மில்லிலீற்றருக்குக் குறைவாக ஆறு மணித்தியாலம் சிறுநீர் போனாலே அது எச்சரிக்கை. இரண்டு நாட்களுக்குள் குருதியில் கிறியற்றினின் 0.3 மில்லிகிராம் கூடினாலும் அவ்வாறே. அளவுக் குவளையும் ஒரு தாளும் பெருஞ்செலவல்ல.

உறவினர்களுக்கும் பொறுப்புண்டு. வீட்டில் எடுத்த குளிசைகளை, கடையில் வாங்கிய வலிமாத்திரை உட்பட, மறைக்காமல் சொல்லுங்கள். குளிசைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள், “இன்று எவ்வளவு சிறுநீர் போனது?” என்று கேளுங்கள். அதைக் கேட்க நானும் வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் என் நண்பரின் உயிரை விலையாகக் கேட்டிருக்கும்.