அளவு போனால் பதில் வர வேண்டும்

உயர் இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் மருத்துவமனைக்கு ஒருமுறை போய்வந்தால் தீர்ந்துபோகிறவை அல்ல. மாத்திரை ஆண்டுக்கணக்கில் தொடரும். நோயாளி மருத்துவர் முன் அமர்வதோ ஆண்டில் சில நிமிடங்கள்தான். மற்ற நாட்களில் உடம்பில் நடப்பதை மருத்துவர் அறியச் செய்வது தொலைக் கண்காணிப்பு. அதை வைத்துச் சிகிச்சையை மாற்றுவது தொலைமருத்துவம்.

தமிழ்நாட்டில் 2020இல் தொற்றா நோய்கள் குறித்து நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும், சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதத்தினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த நிலையை மாற்றவந்த நல்ல திட்டம். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்க்கிறார், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார், மாத்திரையும் கொடுக்கிறார். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளமும் பஸ் செலவும் மிச்சம்.

ஆனால் கருவி 160/100 என்று காட்டும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அளவைக் குறித்துக்கொண்டு பழைய மாத்திரையையே கொடுத்தால், அடுத்த மாதமும் அதே 160தான்.

வெளிநாட்டு ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. இதயச் செயலிழப்பு நோயாளிகள் 1,653 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நோயாளிகள் தொலைபேசியில் அழைக்கும்போது எடையையும் அறிகுறிகளையும் தினமும் கேட்டது பதிவு செய்த குரல். ஆறு மாதம் முடியும்போது வாரம் மூன்று முறையாவது அழைத்தவர்கள் 55 சதவீதமே. மரணமோ மருத்துவமனையில் மறு அனுமதியோ குறையவில்லை. 2018இல் வெளியான ஜெர்மானிய ஆய்விலோ எடை, இரத்த அழுத்தம், இசிஜி ஆகியவை தினமும் ஒரு மையத்துக்குப் போயின. அங்கே மருத்துவரும் செவிலியரும் இரவு பகலாக இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களிடம் ஆண்டுக்கு நூறு பேரில் சுமார் 11 ஆக இருந்த மரணம், கண்காணிப்பில் இருந்தவர்களிடம் 8 ஆகக் குறைந்தது. வீட்டில் எடுத்த அளவைப் பார்த்து மருந்தை மாற்றிய பிரிட்டன் குடும்ப மருத்துவர்களுக்கும் இரத்த அழுத்தத்தைக் கூடுதலாகக் குறைக்க முடிந்தது.

இங்கே சட்டம் தடையாக இல்லை. நேரில் பார்த்த நோயாளிக்கு, அதே நோய்க்கான தொடர் ஆலோசனையில் கூடுதல் மருந்து எழுத 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் இடம் தருகிறது. இல்லாதது மருத்துவரின் நேரம். காலையில் புறநோயாளிகள் வரிசையில் நிற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், அதே மருத்துவரை இடையிடையே திரையையும் பார்க்கச் சொல்வது நடக்காத காரியம். அதற்கென்று மதியத்தில் தனி நேரமும், அளவுகளைப் பிரித்துத் தரும் ஒரு செவிலியரும் வேண்டும். வரம்பு மீறிய ஒவ்வொரு அளவுக்கும் இத்தனை நாளுக்குள் மருத்துவரின் முடிவு வீட்டுக்குப் போய்ச்சேர வேண்டும் என்று அரசு விதிக்க வேண்டும். அந்தச் செய்தியைத் தன்னார்வலரே நேரில் சொல்ல வேண்டும். ஏனெனில் பல முதியவர்களின் வீட்டில் கைபேசி பிள்ளைகளிடம் இருக்கிறது.

காலில் ஆறாத புண்ணையும் விழித்திரைப் பாதிப்பையும் எந்தக் கைப்பட்டையும் காட்டாது. செய்யூர் பக்கம் சூணாம்பேட்டில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 42 கிராமங்களுக்கு அனுப்பிய வேனில் விழித்திரைக் கேமரா இருந்தது. படம் செயற்கைக்கோள் வழியே சென்னை நிபுணருக்குப் போனது. அந்த ஏற்பாடு ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை காலையும் கண்ணையும் பரிசோதித்துக்கொள்ளாத சர்க்கரை நோயாளி யார் என்ற பட்டியலும் தன்னார்வலர் கையில் இருக்க வேண்டும்.