குவெட்டாவில் அழிந்த விமானங்கள் எத்தனை?

1935 மே 31 அதிகாலையில், இன்று பாகிஸ்தானில் உள்ள குவெட்டாவை நிலநடுக்கம் தகர்த்தது. ராணுவக் குடியிருப்பின் பெரும்பகுதி தப்பியது. நகரமும் பிரிட்டிஷ் விமானப்படை முகாமும் இடிந்து விழுந்தன. அந்த முகாமில் இருந்தவை 5ஆம், 31ஆம் ஸ்குவாட்ரன்கள். இரண்டும் வாபிட்டி என்னும் இரட்டை இறக்கை விமானங்களையே ஓட்டின. அங்கிருந்த 27 விமானங்களில் 3 மட்டுமே பறக்கும் நிலையில் மிஞ்சியதாக அப்போது சொல்லப்பட்டது.

அப்படியானால் அழிந்தவை 24 என்று எழுதிவிடத் தோன்றும். அது அவசர முடிவு. மறுநாள் காலையில் பறக்க முடியாத விமானம் வேறு, இனி ஒருபோதும் பறக்காத விமானம் வேறு. முதல் கணக்கைக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டாவது கணக்குக்கு ஆவணங்களைப் புரட்டியாக வேண்டும்.

வாபிட்டியின் அமைப்பே இந்த வேறுபாட்டை முக்கியமாக்குகிறது. முந்தைய டி.எச்.9ஏ விமானத்தின் உதிரிபாகங்களைப் பயன்படுத்தும்படி வெஸ்ட்லேண்ட் நிறுவனம் வடிவமைத்த விமானம் அது. சட்டகத்தின் மேல் துணி போர்த்திய இறக்கைகள்; ஒன்றில் உடைந்ததை இன்னொன்றிலிருந்து எடுத்து மாற்றலாம். பெரிய பழுதுகளைப் பார்க்க கராச்சியின் டிரிக் ரோட்டில் டெப்போ இருந்தது. புகைப்படத்தில் நொறுங்கித் தெரிவது பின்னாளில் பறந்திருக்கலாம். லேசான சேதம் எனத் தோன்றியது, செலவுக்குத் தகாது என்று கழிக்கப்பட்டிருக்கலாம்.

எனவே மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, பதிவெண்ணிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு விமானத்தின் உடலிலும் ஓர் எழுத்தும் எண்ணும் எழுதப்பட்டிருந்தன. ஜே வரிசை 9999-இல் முடிந்ததும், 1929-இல் கே 1000-இலிருந்து புதிய வரிசை தொடங்கியது. வாபிட்டிகள் இரு வரிசைகளிலும் உண்டு. உதிரிபாகங்கள் எத்தனை முறை மாறினாலும் விமானத்தின் அடையாளம் அந்த எண்தான்.

முதலில், மே மாதத்தில் இரு ஸ்குவாட்ரன்களிடமும் இருந்த எண்களைத் தொகுக்க வேண்டும். ஸ்குவாட்ரன்களின் பணிக்குறிப்பேடுகள் லண்டனில் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அவை அன்றன்று நடந்ததைச் சொல்லும். ஒவ்வொரு விமானத்தின் முடிவையும் சொல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதற்கு ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தின் விமான அட்டைகளையும் விபத்து அட்டைகளையும் நாட வேண்டும். ஆனால் அக்காலத்து அட்டைகள் முழுமையாக எஞ்சவில்லை.

அட்டையில் உள்ள தேதியையும் கவனமாகப் படிக்க வேண்டும். கணக்கிலிருந்து நீக்கிய நாள் நிர்வாகத்தின் நாள். சேதம் நேர்ந்த நாள் அதற்கு வாரங்களோ மாதங்களோ முந்தியதாக இருக்கலாம். செப்டம்பரில் நீக்கப்பட்ட விமானம் மே மாதத்தில் உடைந்ததாகவும் இருக்கலாம், ஆகஸ்டில் தரையிறங்கும்போது உடைந்ததாகவும் இருக்கலாம். நிலநடுக்கத்துக்குப் பின் அது ஒருமுறை பறந்ததற்குச் சான்று கிடைத்தாலும், குவெட்டாவில் அழிந்தவற்றின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட வேண்டும்.

இப்படித் தேடினால் பட்டியல் மூன்றாகப் பிரியும்: அழிந்தது உறுதியானவை, சேதமடைந்து மீண்டவை, முடிவு தெரியாதவை. மூன்றாம் பிரிவை ஊகத்தால் நிரப்பி 24-ஐ எட்டச் செய்வது ஆய்வாகாது. அதைத் திறந்தே வைத்தால், நாளை ஒரு புகைப்படத்தில் படிக்கக்கூடிய எண்ணைக் காண்பவர் அதில் ஒரு வரியை நிரப்புவார்.

இத்தனை பாடு இயந்திரங்களுக்காகவா என்று யாரேனும் கேட்கலாம். அந்த நிலநடுக்கத்தில் மாண்டவர்கள் 30,000 முதல் 60,000 வரை என்பது மதிப்பீடு. ஒரு நகரத்தின் சாவுக் கணக்கிலேயே இவ்வளவு இடைவெளி. விமானத்துக்கு எண் தந்து பதிந்த அரசு, நகரத்து ஏழைகளில் பலரைப் பெயரால்கூடப் பதியவில்லை. ஆகவே விமானங்களைத் தேடுபவர் குறிப்பேட்டின் அதே பக்கங்களில் முகாமில் மாண்ட படையினரையும் இந்தியப் பணியாளர்களையும் சேர்த்துத் தேட வேண்டும். கிடைக்கும் ஒவ்வொரு பெயரையும் பட்டியலின் முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும்.