பருவத்தின் நிறமும் காமிரா அன்பரும்

விடுமுறை நாட்களில் காமிராவுடன் புறப்படும் அன்பர்கள் பலர், வண்ணக் காட்சிகளை நாடி உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லுகின்றனர். மலைகளின் அழகை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும், தத்தம் ஊர் எல்லையிலேயே மாதந்தோறும் புதிய நிறங்கள் தோன்றி மறைவதை அவர்களிற் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கைத்தொலைபேசியிலேயே காமிரா அமைந்துவிட்ட இந்நாளில் இப் பொழுதுபோக்குக்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை; பருவமறிந்து பார்க்கும் கண் ஒன்றே வேண்டும்.

சித்திரையில் சரக்கொன்றை பொற்கொத்துக்களைத் தொங்கவிடுகின்றது. ஆடிக்காற்று வீசும் நாட்களில் தென்காசி ஜில்லாவிலுள்ள சுந்தரபாண்டியபுரத்து வயல்களில் சூரியகாந்தி மலருகின்றது. மழை பெய்து ஈரம் சுவறிய மண்ணில், செம்பட்டுத் துணுக்குப் போன்ற தம்பலப்பூச்சி ஊர்ந்து திரியும். இது பயிருக்குத் தீங்கு செய்வதன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேலிகளில் செங்காந்தள் பூக்கின்றது. இதன் இதழ்கள் முதலில் பசுமை கலந்த மஞ்சளாய் இருந்து, பின் செம்மஞ்சளாகி, இறுதியில் செந்நிறம் அடைகின்றன. ஒரே பூவை நாள்தோறும் ஒரே இடத்தில் நின்று படம் பிடிப்பவருக்கு அழகிய வரிசையொன்று கிடைக்கும். ஆனால், இதன் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சாதலின், சிறுவர்களை எச்சரிப்பது அவசியம். தையில் ஆவாரையும், முற்றிய சம்பாக் கதிரும் பொன்னிறம் காட்டுகின்றன. மாசி பங்குனியில் புரச மரம் இலையுதிர்த்துத் தீப்போற் பூக்க, இராமநாதபுரம் ஜில்லாக் களங்களில் முண்டு மிளகாய் செக்கச்செவேலென உலருகின்றது.

இவையெல்லாம் பருவத்துக்குரிய நிறங்கள். பருவத்துக்கு ஒவ்வாத நிறம் தோன்றுமிடத்தில், காமிரா அன்பர் ஒரு கணம் நின்று சிந்தித்தல் வேண்டும். பச்சைப்பசேலென்ற நெல் வயலின் நடுவே வட்டமாகப் பழுப்பேறிய திட்டு, படத்தில் எடுப்பாகத்தான் விளங்கும். ஆனால் அது தூரின் அடியிலிருந்து சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியின் வேலையாயிருக்கலாம். உளுந்துச் செடியின் இலைகளிற் பச்சையும் பொன்மஞ்சளும் கலந்து சித்திரம் தீட்டினாற் போலிருப்பது, வெள்ளை ஈயால் பரவும் மஞ்சள் தேமல் நோயின் அறிகுறி. அழகென்று படம் பிடித்துச் சென்றவர், அப் படத்தை அன்றே வயலுக்குரியவரிடம் காட்டினால் நோயுற்ற செடிகளை உடனே பிடுங்கி எறிய வழியுண்டு. பத்து நாள் கழித்துக் காட்டுவதால் பயனில்லை.

ஆகவே, ஊர்தோறும் அலைவதைக் காட்டிலும், ஒரு வயலையோ ஓர் ஏரிக்கரையையோ தெரிந்துகொண்டு ஆண்டு முழுவதும் தொடர்ந்து படம் பிடிப்பதே சிறந்த முறையாகும். ஒவ்வொரு படத்துடனும் தேதி, இடம், பயிரின் பெயர், இரகம், விதைத்த நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். நோயென ஐயுற்றால், தூரத்திலிருந்து ஒன்றும், இலையின் அடிப்புறம் தெரிய அருகிலிருந்து ஒன்றும் எடுத்து, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டலாம். நடுப்பகல் வெயிலில் நிறங்கள் வெளிறித் தோன்றுமாதலின் காலையும் மாலையுமே ஏற்ற வேளைகள். நிறத்தை மிகைப்படுத்திக் காட்டும் வசதிகளை இத்தகைய படங்களில் அறவே விலக்குதல் நன்று. தழைச்சத்துக் குறைந்து வெளிறிய நெல்லை அவை கரும்பச்சையாக்கிக் காட்டிவிடும். இலை வண்ண அட்டையை வைத்து உரமிடும் நாளைத் தீர்மானிக்கும் குடியானவர், நிறம் பொய்யாகலாகாது என்பதை நன்கறிவார்.

இறுதியாக ஒன்று. வயல் என்பது ஒருவரது உழைப்பும் கடனும் கலந்த இடம். அனுமதி பெறாமல் நுழைவதும், பூத்து நிற்கும் பயிரை மிதிப்பதும், உலரும் மிளகாயின்மேல் நடப்பதும் எவ்வளவு நல்ல படத்துக்காகவும் செய்யத் தக்கவை அல்ல. வரப்பில் நின்று, உரியவரிடம் இரண்டு வார்த்தை பேசிப் படம் பிடிப்பவர், நிறத்தின் காரணத்தையும் அவரிடமே கற்றுக்கொள்ளுவார். அப்படிப்பட்டவர் ஊருக்கு ஒருவர் இருப்பாராயின், அவருடைய படத்தொகுப்பு அவ்வூர்ப் பயிர்த்தொழிலுக்கு ஒரு நாட்குறிப்பாக விளங்கும் என்பதில் ஐயமில்லை.