தடை விதித்தால் மட்டும் போதுமா?

இன்ன பயிரை வைக்கலாகாது, இன்ன நாளுக்குள் அழித்துவிட வேண்டும் என்று சர்க்கார் உத்தரவிடுவது நம் பிரதேசத்தாருக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் 1919-ஆம் ஆண்டிலேயே பயிர்ப் பூச்சி நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. கோயமுத்தூர் ஜில்லாவின் கம்போடியாப் பருத்தி அதற்கு உட்பட்டது. பருத்தி எடுத்த பின்னும் செடியை விட்டுவைத்து மறுபலன் காண்பது குடியானவர் வழக்கம். அச்செடியில் கூன்வண்டும் காய்ப்புழுவும் தங்கி அடுத்த போகத்தைக் கெடுத்தமையால், குறித்த நாளுக்குள் பிடுங்க வேண்டுமென விதிக்கப்பட்டது. மறுபலனை இழந்தவன் உழவன். நல்ல பஞ்சால் பயனடைந்தவர்களில் நெசவாளராகிய நாமும் உண்டு. இதை நாம் மறத்தலாகாது.

பழப் பயிர்களின் கதை இன்னும் வருந்தத்தக்கது. அமெரிக்காவில் கறுப்புக் கரண்ட் என்னும் சிறு பழச்செடியை 1911-இல் தடை செய்தனர். வெள்ளைப் பைன் மரங்களைத் தாக்கும் துரு நோய்க்கு இச்செடி இடைத்தங்கலாக இருந்ததே காரணம். அந்நோயைக் கொண்டுவந்தவையோ ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான பைன் நாற்றுகள்! மரவியாபாரம் பெரிது, பழக்காரன் சிறியவன்; யார் தலையில் கை வைப்பது என்பதில் சந்தேகம் எழவில்லை போலும். மத்திய அரசின் தடை 1966-இல் நீங்கிற்று. நியூயார்க் மாநிலத்திலோ 2003 வரை நீடித்தது. இதற்கிடையே நோய் தாங்கும் ரகங்கள் வந்துவிட்டன. ஒரு தலைமுறைக்கு மேல் அப்பழத்தின் சுவையே அந்நாட்டாருக்கு மறந்து போயிற்று.

நம் மடத்துக்குளத்திற்குக் கிழக்கே, பழனி கீழ்மலையில் விளையும் விருப்பாட்சி வாழையை எண்ணிப் பாருங்கள். பஞ்சாமிர்தத்திற்குப் பேர் வாங்கித் தந்த பழம் அது. முடிக்கொத்து நோயால் 1970-களில் சுமார் 18,000 ஹெக்டேராக இருந்த மலைவாழைப் பரப்பு பின்னர் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. அசுவினிப் பூச்சி இதைப் பரப்பும். அதைக் காட்டிலும் வெகுதூரம் பரப்புவது நோயுற்ற கன்று. அதனாலேயே, நோய் கண்ட மாநிலங்களிலிருந்து வாழைக் கன்றையும் கிழங்கையும் வெளியே கொண்டுபோக மத்திய சர்க்கார் தடை விதித்தது. பழத்திற்குத் தடையில்லை. நியாயமான ஏற்பாடுதான். ஆயினும் சம்பந்தி வீட்டார் அன்போடு கொடுக்கும் நாலு கன்றை எந்த அதிகாரி நின்று பார்ப்பார்? வேண்டாமென்று சொல்ல நமக்குத்தான் வாய் வருமா?

மலைவாழைக்கு மறுவாழ்வு அளித்தவை திசு வளர்ப்பு முறையில் ஆக்கப்பட்ட நோயற்ற கன்றுகளே. வேண்டாததை நீக்கச் சொல்கிறவர், வேண்டியதைக் கையில் கொடுக்கவும் கடமைப்பட்டவர்.

நஷ்ட ஈட்டைப் பற்றியும் பேச வேண்டும். புளோரிடாவில் எலுமிச்சை இனங்களுக்கு வந்த சொறி நோயை ஒழிக்க, நோய் கண்ட மரத்தைச் சுற்றி 1,900 அடிக்குள் இருந்த நல்ல மரங்களையும் வெட்டினர். வீட்டுக்காரர்கள் நியாயஸ்தலம் ஏறினர். 2004, 2005-ஆம் ஆண்டுப் புயல்கள் நோயை எங்கும் தூவிவிட, 2006-இல் அத்திட்டமே கைவிடப்பட்டது. மரமும் போயிற்று, நோயும் நின்றது.

ஆகவே பயிரை அழிக்கச் சொல்லும் எந்த உத்தரவிலும் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டுமென நம் அங்கத்தினர்கள் கேட்க வேண்டும்: அழிக்கும் பயிருக்குரிய ஈடு, மாற்று நடவுப் பொருள், தடையை மறுபரிசீலனை செய்யும் நாள். நோயற்ற வாழைக் கன்றுகளைக் கூட்டாக வாங்கி விநியோகிக்கும் பொறுப்பை, அடுத்த நடவுப் பருவத்திற்கு முன்பே, கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்கலாம். மகாசபையில் இதை யாரேனும் பிரேரேபித்தால் ஆமோதிக்க நான் சித்தமாயிருக்கிறேன்.