திரை வேறு, கோப்பு வேறு

விஞ்ஞான ஆய்வில் வரைபு அலங்காரப் பொருளன்று; அது சான்று. ஆயிரம் அளவீடுகள் கூறுவதை ஒரே பார்வையிற் புலப்படுத்தும் அச்சான்றைக் கோப்பாகச் சேமிக்கும் வேலை மட்டும் ஏனோ அற்பமானதாகக் கருதப்படுகின்றது. பயிற்றுவோர் அதனைப் பயிற்றுவதில்லை, பயில்வோர் கேட்பதுமில்லை. ஆய்வேடு ஒப்படைப்பதற்கு முதல்நாள் இரவு, திரையில் அழகாக விளங்கிய வரைபு கோப்பில் வெற்றுத்தாளாகக் கிடக்கின்றது. அப்பொழுதும் எவரும் காரணம் தேடுவதில்லை. ‘ஸ்கிரீன்ஷொட்’ எனும் திரைப்பிடிப்பை ஒட்டிவிட்டுக் கணினியின்மேற் பழியைப் போட்டுவிடுகின்றனர்.

உண்மையிற் கணினி பிழைசெய்யவில்லை. 2003 இல் வெளிவந்த, ஜோன் ஹண்டர் உருவாக்கிய மட்பிளொட்லிப் மென்பொருளை நோக்குக. மாணாக்கர் முதலில் ‘ஷோ’ கட்டளையால் வரைபைத் திரையிற் காட்டுகின்றனர், சாளரத்தை மூடுகின்றனர், அதன் பின்னரே ‘சேவ்ஃபிக்’ கட்டளையால் சேமிக்க முனைகின்றனர். சாளரத்தோடு வரைபும் அகன்றுவிட்டது. நடப்பு வரைபு எதுவும் இல்லாமையால் மென்பொருள் புதிய வெற்று வரைபொன்றை ஆக்கி, அதனையே சேமிக்கின்றது. ஏவியதைச் செய்த ஏவலாளனைக் கடிந்து பயனென்ன? முதலிற் சேமித்துப் பின்னர் காட்டினால் இடர் தீர்ந்தது.

‘ஆர்’ மொழியிலும் இதுவே கதை. அங்கு ‘பீ.டீ.எவ்.’ கட்டளை ஒரு வரைகருவியைத் திறக்கின்றது, ‘டெவ்.ஓஃப்’ கட்டளை அதனை மூடுகின்றது. மூடாதவரை கோப்பு முற்றுப்பெறாது. திறக்க முயன்றால் பழுதுற்றதெனத் தோன்றும். தனிக் கட்டளையாக இட்டபோது தானே தோன்றிய ‘ஜிஜிபிளொட்’ வரைபு, ‘ஃபோர்’ மடக்கினுள் ‘பிரின்ற்’ என வெளிப்படையாகக் கூறினாலன்றித் தோன்றாது. திரை வேறு, கோப்பு வேறு என்னும் ஒரே உண்மையை அறியாமையின் விளைவுகளே இவையனைத்தும்.

“படம் கிடைத்தாற் போதாதா? திரைப்பிடிப்பில் என்ன குற்றம்?” என வினவுவாருளர். போதாது. திரைப்பிடிப்பில் திரையிலுள்ள புள்ளிகளே உண்டு. பெரிதாக்கினால் அச்சுக்களின் இலக்கங்கள் மங்கிவிடும். மட்பிளொட்லிப்பின் இயல்பான வரைபு 6.4 அங்குல அகலமும் 4.8 அங்குல உயரமும் உடையது. அங்குலத்துக்கு 100 புள்ளிகள் வீதம் 640 × 480 புள்ளிகளே அதில் அடங்கும். ஆய்விதழ்கள் பல 300 புள்ளிகளை வேண்டுகின்றன. சேமிக்கும் கட்டளையில் அவ்வெண்ணைக் குறிப்பிடலாம், அன்றிப் பீ.டீ.எவ். ஆகச் சேமித்தால் கோடு கோடாகவே நிற்கும்.

ஆயினும் தெளிவின்மை சிறு குற்றமே. பெருங்குற்றம் வேறு. திரைப்பிடிப்புக்குப் பிறப்புவழி இல்லை. தரவில் ஓர் எண் திருத்தப்பட்டால், நிரல்வழி சேமிக்கப்பட்ட வரைபு மீண்டும் இயக்கியதும் புதிதாகப் பிறக்கும். ஒட்டப்பட்ட படமோ பழைய பிழையைச் சுமந்தவாறே இருக்கும். திருத்திய அட்டவணையும் திருந்தாத படமும் ஒரே ஏட்டில் அருகருகே நின்றால், தேர்வாளர் எதனை நம்புவார்? நிரல்வழிச் சேமிப்பிலும் விழிப்பு வேண்டும். கோப்பின் முழுப்பாதையைக் கூறாவிடின், நிரல் அவ்வேளை இயங்கும் அடைவிலேயே அது சேமிக்கப்படும். மாணாக்கரோ வேறோர் அடைவிற் கிடக்கும் நேற்றைய கோப்பைத் திறந்து இன்றைய முடிபெனக் கொள்வர். வெற்றுத்தாள் தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும். நேற்றைய வரைபோ காட்டிக்கொடாது.

இதற்கு மாணாக்கரை மட்டும் பழித்தல் நீதியன்று. படத்துக்குப் புள்ளி வழங்கி, அதனை ஆக்கிய நிரலைக் கேளாதுவிடும் விரிவுரையாளரும் பொறுப்பாளிகளே. ஆய்வேட்டின் ஒவ்வொரு வரைபுடனும் அதன் நிரலும் ஒப்படைக்கப்படல் வேண்டும். வரைபுக் கோப்புகள் யாவற்றையும் அழித்துவிட்டு நிரலை ஒருமுறை இயக்கிப் பார்த்தல் வேண்டும். மீண்டும் தோன்றுவன சான்றுகள். தோன்றாதன வெறும் படங்கள். படங்களைச் சான்றுகளென ஏற்கும் பல்கலைக்கழகம் பட்டங்களை வழங்கலாம். விஞ்ஞானத்தை வழங்க இயலாது.